ஆட்டக்காரர் சொன்னது எங்கே அடைத்துக்கொண்டது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சம்பளம் இல்லாமல் ஆறேழு பேர் சேர்ந்து நடத்தும் எழுத்துவழி ஆன்லைன் ஆட்டம் ஒன்றில் நான் பல வருடமாக அட்மின். ஆட்டத்துக்குள் வரும் பக்குகளை, அதாவது நிரல் பிழைகளை, சரிசெய்த நேரத்தைவிட, அவற்றைப் பற்றி ஆட்டக்காரர்கள் சொன்னது ஏன் எங்களிடம் வந்து சேரவில்லை என்று தேடிய நேரம்தான் அதிகம். பழுது ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் வேறு வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசும் உழைப்பும் கேட்காத காரணம் முதலில் வரும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில் வரும். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நான் குதித்த தடவைகளில் எல்லாம் முதல் படியில்தான் விடை இருந்தது.

## அறிகுறி 1: யாரும் எதுவும் சொல்வதில்லை

ஆள் இருக்கிறார்கள். அரட்டையும் நடக்கிறது. உங்களுக்கு மட்டும் ஒரு வரி வரவில்லை. "எல்லாரும் திருப்தியா இருக்காங்க போல" என்று நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். அப்படி நாலு மாதம் தூங்கியவன் நான்.

நீங்களே ஒரு புகார் அனுப்பிப் பாருங்கள். அட்மின் கணக்கிலிருந்து அனுப்பினால் செல்லாது. புதுக் கணக்கு தொடங்கி, போனிலிருந்து, மொபைல் டேட்டாவில் அனுப்புங்கள். அது எங்கே போய் விழுகிறது என்று தேடுங்கள். எங்கள் படிவம் "கிடைத்தது, நன்றி" என்று ஒவ்வொருவருக்கும் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடிதமோ, எப்போதோ விலகிப்போன ஒருவரின் சொந்த மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் பாவம், அந்த முகவரியைத் திறப்பதையே விட்டுவிட்டார். இந்தச் சோதனையை மாதம் ஒரு முறை செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

கடிதம் ஸ்பாமில் விழுகிறது என்றால் டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் (கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்வரை மாற்றிய பிறகு இவற்றைப் புதுப்பிக்க மறந்துவிடுவது வாடிக்கை. இந்த இரண்டு பெயரும் உங்களுக்குப் புதிது என்றால் நோண்ட வேண்டாம், மெயில் சர்வர் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். தப்பாகப் போட்டால் பாஸ்வேர்டு மாற்றும் கடிதங்களும் சேர்ந்து நின்றுவிடும்.

படிவம் வேலை செய்கிறது, ஆனால் தூரம் அதிகம். ஒரு ஆட்டக்காரர் புகார் சொல்ல எத்தனை அடி நடக்க வேண்டும் என்று எண்ணுங்கள். ஆட்டத்தை விட்டு வெளியே வந்து, டிஸ்கார்டில் சேர்ந்து, விதிமுறைக்குத் தலையாட்டி, சரியான சேனலைத் தேடிப் பிடித்து… அதற்குள் கோபமே ஆறிவிடும். இதற்குப் பழைய ஆட்டங்களில் நல்ல தீர்வு இருந்தது. 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிய மட் (பலர் சேர்ந்து ஆடும் எழுத்துவழி ஆட்டம்) வம்சத்தில் பின்னால் வந்த டிக்குமட் போன்றவற்றில் 'பக்', 'டைப்போ', 'ஐடியா' என்று மூன்று கட்டளைகள் உண்டு. நின்ற இடத்திலேயே 'பக்' என்று அடித்து ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் பெயரையும் நிற்கும் அறையின் (இந்த ஆட்டங்களில் ஒவ்வொரு இடமும் ஓர் 'அறை') எண்ணையும் சேர்த்து ஆட்டமே ஒரு கோப்பில் எழுதிவிடும். எங்களிடம் அந்தக் கட்டளை இருந்தது. உதவிப் பக்கத்தில் எழுத மறந்திருந்தோம்.

தூரமும் சரி. மூன்று பேரைத் தனியாகப் பிடித்து, "போன மாசம் எங்கேயாவது கடுப்பாச்சா?" என்று கேளுங்கள். "ஏதாவது கருத்து இருக்கிறதா?" என்று கேட்டால் "சூப்பர் அண்ணா" என்றுதான் வரும். கடுப்பைக் கேட்டால் கடுப்பு வரும். மூவரிடமும் ஏதோ இருந்து, மூவரும் சொல்லாமல் இருந்திருந்தால் உங்கள் பழுது அறிகுறி 6.

போனவர்களைக் கேட்க முடியாது, ஆனால் அவர்கள் கடைசியாக நின்ற இடத்தைப் பார்க்கலாம். முதல் நாளோடு காணாமல் போன கணக்குகளை எடுத்து, கடைசி அறை எது என்று லாகில் (சர்வர் எழுதி வைக்கும் பதிவில்) பாருங்கள். எங்கள் ஆட்டத்தை விட்டுப் போனவர்களில் பலர் ஒரே பாலத்தில் நின்றிருந்தார்கள். பாலத்தைத் தாண்ட விளக்கேற்ற வேண்டும். அதைச் சொல்லும் வரி, கம்ப்யூட்டர் திரையில் தெரிந்தது. போன் திரையில் மேலே ஓடி மறைந்துவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை, வெளியேறிவிட்டார்கள். அதுவும் ஒரு கருத்துதான்.

## அறிகுறி 2: வருகிறது, ஒன்றும் புரியவில்லை

"ப்ரோ வேலை செய்யல."

"எது?"

"கதவு."

"எந்தக் கதவு?"

மூன்று நாள் மௌனம்.

சும்மா கிடைக்கும் தகவலை ஆட்டக்காரரிடம் கேட்காதீர்கள். கணக்குப் பெயர், அறை, நேரம், வர்ஷன், கடைசி இருபது கட்டளைகள் எல்லாம் சர்வருக்கே தெரியும். புகார் வரும்போதே அவற்றை ஒட்டிவிடுங்கள். டஞ்சன் க்ரால் ஸ்டோன் சூப் என்ற தன்னார்வலர் ஆட்டத்தில், ஆட்டம் நொறுங்கினால் அப்போதைய நிலையை ஒரு கோப்பாக அதுவே எழுதி வைக்கும். ஆட்டக்காரர் அந்தக் கோப்பைக் கொடுத்தால் போதும், கதை சொல்ல வேண்டியதில்லை. இதை எழுத ஒரு வார இறுதி போதும். பிறகு வருடக்கணக்கில் மிச்சம்.

கேட்பதானால் ஒரே கேள்வி. ஏழு கேள்வி கொண்ட படிவத்தை அனுப்பினால் பதில் வராது. நான் கேட்பது இதுதான்: "கடைசியா என்ன அடிச்சீங்க, என்ன வந்துச்சு? ரெண்டையும் அப்படியே காப்பி பண்ணி ஒட்டுங்க." ஸ்கிரீன்ஷாட் போதாதா என்பார்கள். போதாது, ஏன் என்று கீழே வருகிறது.

"எனக்குச் சரியாத்தானே வருது" என்று நீங்கள் சொல்லத் தொடங்கினால், நிறுத்துங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் சரியாக வருவது எதையும் நிரூபிக்காது. அவர் கையில் இருப்பது என்ன கருவி, என்ன கீபோர்டு என்று பாருங்கள். அந்தக் கதவையே எடுத்துக்கொள்வோம். விடாமல் புகார் வந்தது, எங்களில் யாருக்கும் திறக்காமல் இருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் மேசைக் கீபோர்டில் தட்டுகிறவர்கள். புகார் சொன்னவர்கள் எல்லோரும் போனில் ஆடுகிறவர்கள். போன் கீபோர்டு பரிந்துரைக்கும் சொல்லைத் தொட்டால், சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளியையும் சேர்த்து வைக்கும். 'திற கதவு' என்பதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம். எங்கள் நிரலுக்கு அது வேறு கதவு. ஒரு வரியில் சரியானது. ஆனால் அந்த ஒரு வரிக்கு முன்னால், "ஸ்பெல்லிங் பாத்து அடிங்க" என்று எத்தனை பேருக்கு நாங்கள் பாடம் எடுத்தோம் என்பதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

தமிழில் பெயர் வைக்க விடுகிற ஆட்டம் என்றால் இன்னொரு படி உண்டு. பொன்னி என்று பெயர் வைத்த ஒருவர், புதுப் போன் வாங்கியதும் உள்ளே வர முடியவில்லை என்றார். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்கிறதாம் ஆட்டம். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பார்த்தோம், பொன்னி என்றுதான் இருந்தது. பட்டியலிலும் பொன்னி. எழுத்துக்கு எழுத்து ஒன்று போலவே. பாஸ்வேர்டு மறந்திருப்பார் என்று முடிவு கட்டி அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

அவர் பிடிவாதக்காரர், நல்லவேளை. பெயரை அப்படியே காப்பி செய்து அனுப்பச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. யூனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறியை இரண்டு விதமாக எழுதலாம். 'ொ' என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், 'ெ' என்ற கொம்பையும் 'ா' என்ற காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு வேறு வேறு. ஓகாரத்திலும் ஔகாரத்திலும் இதே கதை. இப்போதைய கீபோர்டுகள் பெரும்பாலும் ஒற்றைக் குறியைத்தான் தருகின்றன. சில பழைய கீபோர்டுகளும் எழுத்துரு மாற்றிகளும் பிரித்துப் போட்டன. இவர் கணக்குத் தொடங்கியது அப்படி ஒன்றில்.

மருந்து: பெயர் உள்ளே வரும் இடத்திலேயே யூனிகோடின் என்எஃப்சி முறைப்படி (பிரித்து எழுதியதை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் முறை) ஒழுங்குபடுத்துங்கள். ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளிலும் அதற்குத் தயார் செயல்பாடு உண்டு. ஆனால் ஏற்கெனவே சேமித்த பெயர்களில் கை வைக்கும் முன், ஒழுங்குபடுத்தினால் ஒரே பெயராகிவிடும் இரண்டு கணக்குகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், அதுவும் இரண்டிலும் சொத்து பத்து இருந்தால், அங்கே நில்லுங்கள். டேட்டாபேஸ் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப் உண்மையில் திரும்ப ஏறுகிறதா என்றும் பார்த்த பிறகே தொடுங்கள். (ஔ என்பதற்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்து தட்டுகிறவர்களை என்எஃப்சி காப்பாற்றாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து.)

## அறிகுறி 3: ஒரே புகார், நாற்பது தடவை

எரிச்சல் வரும், ஆனால் இருப்பதிலேயே எளிதான பழுது இது. உங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். 'தெரிந்த பிழைகள்' என்று ஒரு பட்டியல் போடுங்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும், எண் போட்டிருக்க வேண்டும், ஆட்டக்காரர் பேசும் வார்த்தையில் இருக்க வேண்டும். 'சரக்கு ஒத்திசைவுப் பிழை' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'பையில் வைத்த பொருள் மறைந்துபோகிறது' என்று எழுதுங்கள்.

நெட்ஹேக் என்ற பழைய ஆட்டத்தின் 3.4.3 வர்ஷன் வந்தது 2003 டிசம்பரில். அதற்கடுத்த அதிகாரபூர்வ வெளியீடான 3.6.0 வர 2015 டிசம்பர் ஆனது. இடைப்பட்ட 12 வருடமும் அந்த வர்ஷனின் தெரிந்த பிழைகள் எண் போட்ட பட்டியலாக அவர்கள் தளத்தில் இருந்தன. திருத்தம் வரவில்லை என்றாலும், 'இது அவர்களுக்குத் தெரியும்' என்று யாரும் பார்த்துக்கொள்ள முடிந்தது.

பட்டியல் போட்டும் வருகிறது என்றால், அந்தப் பக் உண்மையிலேயே வலிக்கிறது. வரிசையில் மேலே தூக்குங்கள்.

## அறிகுறி 4: "நியாயமே இல்லை"

என் நேரத்தை அதிகம் தின்ற அறிகுறி இதுதான். இந்த ஒரே சொல்லுக்குப் பின்னால் குறைந்தது மூன்று வேறு வேறு பழுதுகள் ஒளிந்திருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு. பிரித்துப் பார்க்காமல் நம்பரை மாற்றினால் இருந்த பழுதோடு புதுப் பழுது ஒன்றும் சேரும்.

### 4அ: "50 தடவை அடிச்சேன், ஒண்ணும் விழல"

எதிரியை அடித்தால் தற்செயலாக விழ வேண்டிய பொருளைப் பற்றிய புகார் இது. முதலில் லாகைப் பாருங்கள்: அந்தப் பொருள் இதுவரை யாருக்காவது கிடைத்திருக்கிறதா? ஒருவருக்கும் இல்லை என்றால், அது துரதிர்ஷ்டம் ஆகாது, பக். எங்கள் வெள்ளி மோதிரம் அப்படித்தான். எண் 20 விழுந்தால் மோதிரம் என்று எழுதியிருந்தோம். தற்செயல் எண் தரும் செயல்பாடு 0 முதல் 19 வரைதான் தரும். வருடக்கணக்கில் மோதிரத்தைத் தேடி அலைந்தார்கள். "ரொம்ப அரிதான பொருள்" என்று நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கிடைத்திருக்கிறது என்றால் கணக்குப் போடுங்கள். 5 சதவீத வாய்ப்பு என்றால், 20 தடவை அடித்தும் வெறுங்கையோடு திரும்புபவர்கள் 100-க்கு 36 பேர். 50 தடவை அடித்தும் கிடைக்காதவர்கள் 7 அல்லது 8 பேர். '20-ல் ஒன்று' என்று நீங்கள் எழுதியதை '20 அடித்தால் ஒன்று உறுதி' என்று அவர் படித்திருக்கிறார். அவர் படித்ததில் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் படிக்கிறோம்.

ஆனால் இந்தக் கணக்கை அவர் முகத்தில் வீசாதீர்கள். நான் வீசியிருக்கிறேன், அவர் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். வெஸ்நாத் ஆட்டத்தில் செய்திருப்பது மேல். 2003-ல் தொடங்கி இன்றும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆட்டம் அது. மாயத் தாக்குதலுக்கு எப்போதும் 70 சதவீத வாய்ப்பு. அப்படியும் மூன்று அடியும் தவறுவது 1000-க்கு 27 தடவை நடக்கும். ஒரே மாலையில் நூறு தாக்குதல் செய்கிற ஆட்டத்தில் அது அடிக்கடி நடந்ததாகத்தான் தோன்றும். ஆகவே எதிர்பார்த்த சேதம் இவ்வளவு, நடந்த சேதம் இவ்வளவு என்று காட்டும் புள்ளிவிவரப் பக்கம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சந்தேகம் வந்தவர் தானே திறந்து பார்த்துக்கொள்வார்.

அப்படியும் வலி தீரவில்லை என்றால் விதியை மாற்றலாம்: ஒவ்வொரு தோல்விக்கும் வாய்ப்பு கொஞ்சம் ஏறும்படி வைக்கலாம். இது பொருளாதாரத்தைத் தொடும் வேலை, கடைசியில் வையுங்கள்.

### 4ஆ: "ரொம்ப கஷ்டம்"

கேட்க வேண்டிய கேள்வி: "செத்தப்போ எதனால செத்தீங்கன்னு தெரிஞ்சுதா?"

தெரியவில்லை என்று பதில் வந்தால், நம்பரில் கை வைக்காதீர்கள். எங்கள் சதுப்பு நிலத்தில் விஷப்புகை உண்டு. அதை வாரா வாரம் யாராவது திட்டுவார்கள். சேதத்தைக் குறைத்தோம், திட்டினார்கள். இன்னும் குறைத்தோம், அப்போதும் திட்டினார்கள். பிறகு ஒருநாள் ஒருவர் செத்த லாகை வரி வரியாகப் படித்தேன். சண்டை வரிகள் பன்னிரண்டு, அவற்றின் நடுவே 'புகை உன் நெஞ்சை அடைக்கிறது' என்று ஒரே வரி, அதே சாம்பல் நிறத்தில். அவர் அதைப் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் ஓடியிருப்பார். அந்த வரியைச் சிவப்பாக்கிக் கடைசியில் போட்டோம். குறைத்த சேதத்தைப் பழையபடி ஏற்றினோம். திட்டு நின்றது.

தெரிந்தது, ஆனால் சமாளிக்க முடியவில்லை என்றால், அவர் அந்த இடத்துக்கு எந்த நிலையில் வந்தார் என்று பாருங்கள். பலசாலிகளுக்கான குகைக்குப் புதியவர் எப்படி வந்தார்? பெரும்பாலும் எங்கோ ஒரு வழிகாட்டிப் பலகை தப்பாகக் காட்டுகிறது.

இரண்டும் இல்லை என்றால்தான் பேலன்ஸ், அதாவது ஆட்டத்தின் பலம், சேத எண்களைச் சரிக்கட்டுவது. ஒரு தடவைக்கு ஒரு நம்பர், சிறிய மாற்றம், இரண்டு வாரம் காத்திருப்பு.

### 4இ: "அட்மின் அவங்க ஆளுக்குத்தான் செய்றாங்க"

கோபப்படும் முன் பாருங்கள், உண்மையாக இருக்கலாம். தன்னார்வலர்கள் எல்லோரும் ஆடுகிறவர்கள்தானே, யாருக்கும் ஒரு குழு உண்டு. சம்பந்தப்பட்ட புகாரைத் தீர்த்தவர் எந்தக் குழுவில் ஆடுகிறார் என்று பாருங்கள். அதே குழு என்றால், தீர்ப்பு சரியாக இருந்தாலும் இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். அட்மின் கட்டளைகள் எல்லாம் லாகில் பதிவாகின்றனவா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். லாக் இல்லாமல் உங்களாலும் நிரபராதி என்று காட்ட முடியாது.

## அறிகுறி 5: அப்டேட் போட்ட மறுநாள் ஊரே எரிகிறது

முதல் மணி நேரத்தில் ஒன்றை மட்டும் பிரியுங்கள்: எது உடைந்திருக்கிறது, எது பிடிக்கவில்லை. பொருள் தொலைகிறது, உள்ளே வர முடியவில்லை என்பவை உடைந்தவை. அவற்றை உடனே பாருங்கள், தேவையானால் அப்டேட்டையே திரும்ப எடுங்கள். "பழசுதான் நல்லா இருந்துச்சு" என்பது இரண்டு வாரம் காத்திருக்கலாம்.

அப்புறம் தலைகளை எண்ணுங்கள், செய்திகளை எண்ணாதீர்கள். ஒரு வில்லின் பலத்தைக் குறைத்த அன்று அரட்டை முழுக்க அதுதான். பதறிப்போய்த் திரும்ப ஏற்றவிருந்தோம். ஒருவர் உட்கார்ந்து எண்ணினார்: அறுபதுக்கு மேல் செய்தி, ஐந்து பேர். ஐவரும் அந்த வில்லையே நம்பி ஆடியவர்கள். அவர்கள் வலி பொய் என்று சொல்லவில்லை. வில்லுக்குச் செலவழித்ததைத் திரும்பப் பெற ஒரு வழி செய்து கொடுத்தோம், குறைத்ததை அப்படியே விட்டோம்.

எதிர்ப்பு பரவலாகவே இருக்கிறது என்றால், அப்டேட் குறிப்பைத் திரும்பப் படியுங்கள். 'வில் சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருக்கிறீர்களா? முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, ஏன் என்று மூன்றும் இருக்க வேண்டும். காரணம் சொல்லாத மாற்றத்துக்கு அவர்களே காரணம் கற்பித்துக்கொள்வார்கள், நிச்சயம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

வாக்கெடுப்பு வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். முடிவு எதுவாக இருந்தாலும் ஏற்பீர்கள் என்றால் மட்டும் வையுங்கள். ஒரே ஆள் பத்துக் கணக்கில் வந்து போடுவதைத் தடுக்கும் வழியையும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: "சொல்லி என்ன பிரயோஜனம்"

இதைக் கேட்டுவிட்டீர்கள் என்றால் நோய் முற்றியிருக்கிறது, ஆனால் செலவு குறைவு.

உங்கள் கடைசி இருபது பதில்களை எடுத்துப் பாருங்கள். "பார்க்கிறோம்" என்று எத்தனை? அந்தச் சொல்லைத் தடை செய்யுங்கள். நாலு பதில் போதும்: செய்கிறோம். இப்போதைக்கு ஆள் இல்லை. செய்ய மாட்டோம், காரணம் இது. புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள். தேதி மட்டும் கொடுக்காதீர்கள்; சம்பளம் இல்லாத வேலைக்குத் தேதி சொல்வது கடன் வாங்குவது மாதிரி.

"மாட்டோம்" சொல்லத்தான் எல்லோருக்கும் தயக்கம். முன்பு சொன்ன டஞ்சன் க்ரால் ஆட்டத்தின் கையேட்டிலேயே அவர்கள் ஆட்டத்தை எந்தக் கொள்கையில் வடிவமைக்கிறார்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. யோசிக்காமலே எடுக்கக்கூடிய முடிவுகள் வேண்டாம், அலுப்பூட்டும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து பலம் சேர்க்க வழி வேண்டாம் என்பது போல. அப்படி ஒரு பக்கம் இருந்தால், மறுக்கும்போது ஆளுக்கு ஆள் வாதாட வேண்டியதில்லை.

சரிசெய்ததைச் சொன்னவரிடமே போய்ச் சொல்லுங்கள். அவர் அடுத்த தடவை உள்ளே வரும்போது, 'நீங்கள் சொன்ன கிணற்றுக் கயிறு சரியாகிவிட்டது' என்று ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வரி. எங்களிடம் இதைத் தானாகச் செய்ய ஏற்பாடு இல்லை, ஒருவர் கையால் அனுப்புகிறார். அந்த வரி கிடைத்தவர்கள் பெரும்பாலும் அதே வாரம் இன்னொரு பக் கொண்டுவருகிறார்கள்.

குவியல் முந்நூறைத் தாண்டிவிட்டதா? இரண்டு வருடத்துக்கு மேல் பழையதை எல்லாம் மூடுங்கள். 'இதைச் செய்ய எங்களால் முடியவில்லை, இன்னும் தொந்தரவு இருந்தால் திரும்பச் சொல்லுங்கள்' என்று ஒரே குறிப்பு. கொஞ்சம் திட்டு விழும். மிச்சமிருப்பதைப் படிக்க உங்களுக்கு மனசு வரும்.

## அறிகுறி 7: ஆட்டத்தில் காசு பெருகுகிறது, யாரும் வாய் திறக்கவில்லை

ஆட்டத்தில் புழங்கும் மொத்தக் காசை ஒவ்வொரு நாளும் ஒரு வரியாக எழுதி வையுங்கள். ஒரு ராத்திரியில் துள்ளினால், பொருளை இரட்டிப்பாக்கும் ஓட்டை ஒன்று யாரிடமோ இருக்கிறது.

யாரும் ஏன் சொல்லவில்லை? போன தடவை சொன்னவருக்கு என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். நாங்கள் அவருடைய பொருளையும் பறித்து, ஒரு வாரம் தடையும் போட்டிருந்தோம். சோதித்துப் பார்க்காமல் அவர் எப்படிப் புகார் சொல்லியிருக்க முடியும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போதைய விதி: தானாக வந்து சொன்னவருக்குத் தண்டனை கிடையாது, அதில் சேர்த்த பொருள் மட்டும் திரும்பப் போகும்.

இந்த வகைப் புகாருக்குத் தனி வழி வேண்டும். பொது அரட்டையில் சொல்ல விட்டால் அரை மணியில் எல்லோர் கையிலும் ஓட்டை இருக்கும்.

ஆள் கூப்பிட வேண்டிய இடங்கள்: பல நாள் தரவைப் பின்னோக்கி உருட்ட வேண்டியிருந்தால் டேட்டாபேஸ் தெரிந்தவர். ஓட்டை வழியாக மின்னஞ்சல்களோ பாஸ்வேர்டுகளோ வெளியே போயிருக்கலாம் என்றால் பாதுகாப்பு நிபுணரும் வழக்கறிஞரும், அதுவும் அன்றே. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டப்படி, ஆபத்து விளைவிக்கக்கூடிய கசிவைத் தெரிந்துகொண்ட 72 மணி நேரத்துக்குள் அங்குள்ள கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்டக்காரர்கள் அங்கேயும் இருந்தால் இது உங்களுக்கும் பொருந்தலாம். 'நாங்க சும்மா சேவையா நடத்துறோம்' என்பது போதுமான பதிலாக இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

## அறிகுறி 8: கருத்துக்குப் பதில் வசவு, மிரட்டல்

வசவுக்குள் பக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "அறிவில்லாதவனுங்களா, மறுபடி என் குதிரை காணோம்" என்பதில் ஒரு நல்ல புகார் இருக்கிறது. குதிரையைக் கண்டுபிடியுங்கள். வசவுக்கு விதிப்படி எச்சரிக்கையைத் தனியாக அனுப்புங்கள். இரண்டையும் ஒரே பதிலில் கலக்காதீர்கள்.

திட்டு வாங்கியவரே தீர்ப்பு சொல்லக் கூடாது, இன்னொருவர் பார்க்கட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பதில் எழுதுவதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. மீறியவர்கள் எல்லோரும் மறுநாள் வருந்தினார்கள், நான் உட்பட.

ஒரே தன்னார்வலர்மீது எல்லா வசவும் விழுகிறது என்றால் அவரை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வேறு வேலைக்கு அனுப்புங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கேட்க மாட்டார், ஒருநாள் சொல்லாமல் போய்விடுவார், சர்வர் பாஸ்வேர்டும் அவரோடு போகும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் இது உங்கள் வேலை இல்லை. விவாதிக்காமல் கைமாற்றுங்கள்.

ஒருவரின் வீட்டு முகவரியைச் சொல்லி மிரட்டினால்: லாகை அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, மிரட்டப்பட்டவரோடு பேசி, காவல்துறைக்குப் போங்கள்.

குழந்தைகளிடம் தப்பாகப் பேசுவதாகப் புகார் வந்தால்: கணக்கை உடனே நிறுத்துங்கள், பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள், காவல்துறை. நீங்களே வேஷம் போட்டுப் பேசித் துப்பறியப் போகாதீர்கள்.

யாராவது உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக எழுதினால்: அவர் இருக்கும் நாட்டின் உதவி எண்ணைக் கொடுங்கள், உடனடி ஆபத்து என்று தோன்றினால் அங்குள்ள அவசர சேவைக்குச் சொல்லுங்கள். அந்த எண்களை ஒரு பக்கத்தில் முன்பே எழுதி, எல்லா மாடரேட்டர்களும் திறக்கும் இடத்தில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, கை நடுங்கும்போது, தேடிக்கொண்டிருக்க முடியாது.